நயினார் அடித்த கதை: ரீனாவுக்கு ஒரு வாக்குமூலம்

தாராவி, மும்பை
நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரீனாவுக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே சித்தி சுகம், எங்கள் பயல் பிரைட்டன் சுகம், உன் அப்பா எந்தக் கடலில் இருக்கிறார் என்று தெரியாது, ஆனால் கப்பலில் இருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது, ஆகவே அவரும் சுகம், உன் அம்மா ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிந்து வந்து தூங்குகிறாள், குழாயில் தண்ணீர் வருகிற நாளெல்லாம் நானும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் வாட்ஸ்அப்பில் ஓகே என்று இரண்டு எழுத்தில் கதவைச் சாத்திவிடுவாய். அதனால்தான் இருபது வருஷமாகத் தொடாத பேனாவை எடுத்துத் தாளில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரியும், அதற்காகவே ஒவ்வொரு எழுத்தையும் பூசணிக்காய் அளவுக்குப் போட்டிருக்கிறேன், மெதுவாகப் படி, நடுவில் எழுந்து சோறு தின்றுவிட்டு வந்து மறுபடி படி.

முதலிலேயே புனித அந்தோணியார் பாதத்தில் கைவைத்துச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தில் வரப்போகிற கதையை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாதே. நம்பினால் எனக்குத்தான் அவமானம், நாற்பது வருஷம் பொய் சொல்லிச் சேர்த்த பெயர் ஒரே நாளில் போய்விடும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு நீ சித்தியிடம் போனில் பேசியதை நான் ஒட்டுக்கேட்கவில்லை. நம் வீடு பத்துக்குப் பன்னிரண்டு, அதில் ஒட்டுக்கேட்காமல் இருப்பதற்குத்தான் தனியாகப் பாடுபட வேண்டும். உன் ஆபீசில் கௌசிக் என்று ஒருத்தன் ஏதோ படம் போட்டு விளக்கிச் சொல்லி முடித்ததும் நீ நல்ல மனசோடு டக்கர், ரொம்ப ஜோர் என்று பாராட்டியிருக்கிறாய். மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம், நீங்க கறுப்பு வெள்ளைப் படத்துலேர்ந்து நேரா இறங்கி வந்தீங்களா என்று அந்தப் பயல் கேட்டானாம். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரம், வேலை கொடுத்தவர்கள் கேட்டது ஒன்று, உங்கள் ஆட்கள் மாதக்கணக்கில் உழைத்துப் பெருமையாகச் செய்து வைத்திருப்பது அதைத் தாண்டிப் போன இன்னொன்று என்று தெரிந்ததும், ஐயோ நாம நயினார் அடிச்சிட்டோமே என்று உன் வாயில் வந்துவிட்டது. நயினாரா, யாரது என்று உன் டீம் லீடர் ஷ்யாமளா கேட்க, நீ விளக்க ஆரம்பித்து, மறுபடியும் சிரிப்பு எழும்ப, பாதியில் ஒண்ணுமில்லை என்று நிறுத்திவிட்டாய். அன்றிலிருந்து ஆபீசில் ஒரு வார்த்தை தமிழ் பேசுவதில்லை, எல்லாம் இங்கிலீஷ், மத்தியானச் சோற்றையும் தனியாக இருந்து தின்கிறாய். இப்போது அந்த ஷ்யாமளாவே வந்து ஆண்டுவிழாவில் மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்திக் கொடு என்று கேட்டிருக்கிறாள், வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும், நீ முடியாது என்று சொல்லப்போகிறாய். என்னய வச்சுச் சிரிக்கத்தான் கூப்பிடுதாங்க சித்தி என்று சொன்னாய் பார், அதைக் கேட்டதும் வாயில் இருந்த டீ எனக்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நாலு வயசில் சயான் ஸ்டேஷன் பெஞ்சில் ஏறி நின்று, வருகிற ரயில் ஸ்லோவா பாஸ்ட்டா என்று ஒலிபெருக்கிக்காரிக்கு முன்னாலேயே கத்தி அறிவித்தவள் நீ. அப்படிப்பட்ட வாயைப் பூட்டிக்கொண்டு சென்னையில் தயிர்சாதம் தின்கிறாயா?

போனை வைத்த கையோடு சித்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உலகம் முடிகிற பொதுத்தீர்வை நாளில் கூட அப்படி ஒரு பார்வை கிடையாது. உங்க வாயிலேயிருந்து விழுந்ததைத்தானே பிள்ளை பொறுக்கிச்சு, நல்ல வார்த்தை நாலு விழுந்திருந்தா நல்லதைப் பொறுக்கியிருக்கும்லா என்றாள். நியாயம்தான். அம்மாவுக்கு நைட் டூட்டி, அப்பாவுக்குக் கப்பல், நீ வளர்ந்தது என் தோளில், உன் காதுக்கு நேரே இருந்தது என் வாய். ஆனால் என் பக்கத்து வாதத்தையும் கேள். எண்பத்தொன்றில் பதினேழு வயசில் வடக்கன்குளத்திலிருந்து நான் கிளம்பியபோது என் வாயில் இருந்த தமிழ் அன்றைக்கு இறங்கிய புத்தம்புதுச் சரக்கு. தாதரில் கால் வைத்த நிமிஷத்தில் அந்த வாய்க்கு அரக்கு வைத்து சீல் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே ஊரில் இருந்தவர்கள் பாட்டுக்கு வார்த்தைகளை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், எங்களுக்குச் சொல்லவில்லை. பஸ் நம்பர் மாறினால் போர்டு வைக்கிறார்கள், ரேஷன் கடை மாறினால் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள், டக்கர் காலமாகிவிட்டது, நல்லடக்கம் இன்ன தேதி என்று பம்பாய்க்கு ஒரு கார்டு போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் பாட்டுக்குச் செத்த வார்த்தைக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, உன் வாயில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது. நான் வந்த புதிதில் பாய் என்றால் தாதா, அந்த வார்த்தை தெருமுனையில் கேட்டால் இந்த முனையில் கடைக் கதவு சாத்துவார்கள். இன்றைக்குக் கொத்தமல்லி விற்கிறவனை பாய் என்கிறார்கள், அவன் திருப்பி பாய் என்கிறான், பிரைட்டன் தன் கூடப் படிக்கிற பெண்பிள்ளையையே பாய் என்று கூப்பிடுகிறான், அது கோபப்படாமல் சிரிக்கிறது. அங்கிள் என்று முதன்முதலில் ஒரு குழந்தை என்னைக் கூப்பிட்டபோது மரியாதை வந்துவிட்டதே என்று மாட்டுங்காவுக்குப் போய் ஒரு சட்டை தைத்துக்கொண்டேன், இன்றைக்கு அங்கிள் என்றால் கொஞ்சம் வழியை விடு என்று அர்த்தம்.

சரி, தப்பைச் செய்தவன்தான் திருத்த வேண்டும், நடப்பில் உள்ள வார்த்தைகளை எல்லாம் திரட்டி உனக்கு ஒரு பட்டியல் அனுப்பிவிடுவோம், அதை மனப்பாடம் செய்துகொண்டு மேடையில் ஏறட்டும் என்று தீர்மானித்தேன். பிரைட்டனிடம் கேட்டேன். அவன் நான் ஒருத்தனாகச் சொல்ல முடியாது, கமிட்டி கூட வேண்டும் என்றான். கமிட்டி கூடியது. பாக்ஸ் கிரிக்கெட் வலைக்குப் பின்னால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த மகாசபை கூடியபோது மாஹிம் பக்கத்திலிருந்து சயான் பாலம் வரைக்கும் நாற்பதாயிரம் ஜனம், இட்லிக்காரர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்து நின்றார்கள், ரயில்கள் மெதுவாகப் போயின, மேலே மூன்று ஹெலிகாப்டர் வட்டம் போட்டன. நீதிபதிகள் மூன்று பேர், பிரைட்டன், அவன் சிநேகிதன் ஜீஷான், இன்னொருத்தனின் முகத்தை அவன் முடி மறைத்திருந்தது. என்னை நடுவில் ஒரு பெயிண்ட் டப்பா மேல் உட்காரவைத்து விசாரணை. ஒரு பொருள் ரொம்ப நல்லாயிருந்தா என்ன சொல்லுவீங்க என்றார்கள். டக்கர் என்றேன். நாற்பதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் தலையில் கைவைத்தார்கள். இப்போது அதற்கு ஹார்ட் என்று சொல்ல வேண்டுமாம். பாட்டு நன்றாக இருந்தால் ஹார்ட், சட்டை நன்றாக இருந்தால் ஹார்ட், எங்கள் காலத்தில் மெத்தென்று இருந்ததெல்லாம் இவர்கள் காலத்தில் கல் மாதிரி இருந்தால்தான் பெருமை. படித்ததை உடனே நடைமுறைப்படுத்தும் குணம் எனக்கு உண்டு என்று உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் உன் சித்தி வைத்த இட்லியை ஒரு வாய் வைத்துவிட்டு, சேசம்மா, இட்லி இன்னைக்கு ரொம்ப ஹார்ட் என்று மனமாரப் பாராட்டினேன். நாலு நாள் வீட்டில் இட்லி கிடையாது. பிரைட்டனுக்கு மட்டும் உண்டு, அதுவும் என் கண் எதிரே.

விசாரணையின் இரண்டாம் கட்டத்தில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டது. நான் நாற்பது வருஷமாக ரீல் விடுகிறவன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன், அந்த முடிக்காரப் பையன் எழுந்து நின்றுவிட்டான், அங்கிள் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேட்டான். தாராவி முழுக்கப் பார்க்கிறது என்றேன், உண்மைதானே. பிரைட்டன் அவன் காதில் குனிந்து, அவுங்க காலத்துல ரீல்னா புளுகு, நீ நினைக்கிற வீடியோ இல்லலே என்று விளக்கிய பிறகுதான் அவன் உட்கார்ந்தான், ஆனாலும் பாதி மரியாதை மிச்சமிருந்தது. கடைசியில் மூன்று பேரும் கலந்து பேசி என்னை ஒரு பூமர் அங்கிள் என்று தீர்ப்பளித்தார்கள். நான் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டேன். ராவ் பகதூர், திவான் பகதூர் மாதிரி பூமர் என்பது பெயருக்கு முன்னால் வருகிறதே. வியாழக்கிழமை கோவில் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எழுந்து, இறைவன் கிருபையால் எனக்கு இந்த வாரம் பூமர் பட்டம் கிடைத்திருக்கிறது என்று அறிவித்தேன். பெரியவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள், ஒரு அம்மா ஜெபமாலை கூடச் சொன்னாள். பின்வரிசையில் இருந்த பிள்ளைகள் மட்டும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள்.

இவ்வளவு பட்டபிறகு இருபத்தேழு வார்த்தைகள் சேர்ந்தன. பட்டியலைத் தாளில் எழுதி முடித்துப் பிரைட்டனிடம் சரிபார்க்கக் கொடுத்தேன், அவன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, இதுலே பாதி ஜனவரி வரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாதுப்பா என்றான். போன வருஷம் அவனே காலேஜில் கொண்டுபோய் விட்ட வார்த்தையை இந்த வருஷம் சொன்னால் ஜூனியர் பயல்கள் சிரிக்கிறார்களாம், ஒருத்தன் அவனை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டானாம். பத்தொன்பது வயசில் பிள்ளை காலாவதியாகிவிட்டான் மக்ளே. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன், ஒரு பூமரின் துக்கம் இன்னொரு பூமருக்குத்தான் தெரியும்.

அந்தப் பட்டியலில் ஒரு சிக்கல் மிச்சம். டக்கரை எடுத்துவிட்டால் கேட்க ஆளில்லை, ஜோரை எடுத்தால் அழ ஆளில்லை. ஆனால் நயினார் அடிக்கிறது என்ற வார்த்தைக்குச் சொந்தக்காரர் உயிரோடு திலக் நகரில் இருக்கிறார். ஒரு மனுஷன் பெயரை வழக்கிலிருந்து எடுப்பதென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? போன சனிக்கிழமை விடிந்ததும் சித்தியையும் கூட்டிக்கொண்டு, ஒரு டப்பா முறுக்கோடு நயினார் வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கதையை நீ நூறு தடவை கேட்டிருக்கிறாய், ஆனால் ஷ்யாமளாவிடம் பாதியில் நிறுத்திவிட்டாய், ஆகவே நூற்றியோராவது தடவையாகக் கேள். தொண்ணூற்றெட்டில் எங்கள் கல்யாணம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோவிலில் பூசை. தாதர் பூ மார்க்கெட்டில் போய் இரண்டு ரோஜா மாலை வாங்கி வருகிற பொறுப்பை நயினார் கேட்டு வாங்கிக்கொண்டார், அப்போது கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் கிளார்க், ரயில் டைம்டேபிளைத் தானே எழுதியவர் மாதிரி பேசுவார். நாங்கள் நாலு பேர் அவரை அழைத்துப்போக சயான் பிளாட்பாரத்தில் நிற்கிறோம். தாதரிலிருந்து சயானுக்கு வர ஸ்லோ பிடிக்க வேண்டும், பாஸ்ட் வண்டி சயானில் நிற்காது, அடுத்து குர்லாதான், இது பம்பாயில் பிறந்த பூனைக்குக் கூடத் தெரியும். பாஸ்ட் வண்டி ஒன்று தடதடவென்று வந்தது. வாசலில் நயினார். இரண்டு மாலையையும் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையை எங்களைப் பார்த்து ராஜா மாதிரி ஆட்டிக்கொண்டே எங்களைக் கடந்து போய்விட்டார். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் யாரோ புதுக் கார்ப்பரேஷன் கவுன்சிலர் என்று நினைத்துத் திருப்பிக் கையாட்டினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அவர் குர்லாவிலிருந்து திரும்பி வருகிறவரைக்கும் சாமியார் மூன்று டீ குடித்தார், உன் சித்தி முக்காட்டுக்குள்ளே இருந்து என்னென்ன சொன்னாள் என்பதை இந்தத் தாள் தாங்காது. அன்று கோவில் வாசலில் கிளம்பிய சிரிப்பு ஒரு வருஷம் ஓயவில்லை. தன் இடத்தைத் தாண்டி ஒருத்தன் பெருமையாகப் போனால் நயினார் அடிச்சிட்டான் என்று நான்தான் முதலில் சொன்னேன், பிறகு நம் வீடு சொன்னது, பிறகு தெரு சொன்னது. நீ அதைத் தாய்ப்பாலோடு குடித்தவள், அது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தமிழ் என்று நினைத்து வளர்ந்துவிட்டாய். அகராதியைத் தேடினாலும் கிடைக்காது, என் வாய்தான் அகராதி.

நயினாருக்கு இப்போது எழுபது ஆகிறது, காது கொஞ்சம் மந்தம், கர்வம் குறையவில்லை. சென்னையில் ஒரு ஆபீசில் உம்ம பேரைச் சொல்லிப் பிள்ளை மாட்டிக்கொண்டாள், அந்த வார்த்தையை எடுத்துவிடலாமா வே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சென்னை வரைக்கும் போயிட்டனா என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு முறுக்கைக் கடித்துக்கொண்டே, வே மிக்கேலு, இத்தனை வருஷத்துல ஒருத்தனும் எங்கிட்ட ஏன் அந்த வண்டியில ஏறினேன்னு கேக்கலையே என்றார். ஏன் என்றேன். அன்னைக்கு ஸ்லோ வண்டியில லக்கேஜ் டப்பா முழுக்க மீன்கூடை, மத்த டப்பாவுல மூச்சு விட இடமில்ல, அதுல ஏறினா ரோஜாவுல பாதி கசங்கும், மிச்சம் மீன் நாத்தம் அடிக்கும், பாஸ்ட்டுல லக்கேஜ் டப்பா காலியா நின்னுச்சு, குர்லா வரைக்கும் போயி அங்கேயிருந்து எதிர்ப்பக்கம் வார வண்டியில ஏறினா சாயங்காலத்துல ஈ காக்கா இருக்காது, மாலை மாலையாவே வந்து சேரும்னு கணக்குப் போட்டுத்தான் வே ஏறினேன், கையை ஆட்டினது இந்தா வாறேன்னு உங்களுக்குச் சொல்லத்தான் என்றார். நான் கையில் எடுத்த முறுக்கைத் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டேன். உன் சித்தி, ஆமாங்க, அன்னைக்கு மாலையில ஒரு இதழ் கசங்கல என்றாள். இருபத்தேழு வருஷம் கழித்து அவளுக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது பார்.

அப்படியானால் ஏன் வே அன்றைக்கே சொல்லவில்லை, ஊரே உம்மைக் கோட்டிக்காரன் ஆக்கிவிட்டதே என்று கேட்டேன். சொல்லலாம்னுதான் வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள நீங்க எல்லாரும் சிரிச்ச சிரிப்புல சாமியாரே சிரிச்சிட்டாரு, கல்யாண வீட்டுச் சிரிப்பை நிறுத்தவா நான் வந்தேன் என்றார். கொஞ்ச நாள் மனசுக்குள் வலித்ததாம், மறைக்கவில்லை. ஒரு வாரம் ரயிலில் வேறு பெட்டியில் ஏறிப் போனாராம். எட்டாம் நாள் பழைய பெட்டியில் தெரியாமல் ஏறிவிட்டார், எட்டு பன்னிரண்டு வண்டியில் அவருக்கு ஜன்னலோரம் ஒரு சீட்டு காலியாக இருந்தது, அதில் ஒரு கைக்குட்டை போட்டிருந்தார்கள். ஒரு வாரமா தினமும் உமக்குத்தான் வே போட்டு வச்சிருக்கோம், எங்க போனீரு என்று திட்டினார்களாம். யாரு தெரியுமா, பிளாட்பாரத்துல நின்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சானுவளே, அதே பயலுவதான் என்றார். பம்பாய் ரயிலில் ஒருத்தனுக்காக ஒரு வாரம் சீட்டு பிடித்து வைப்பது என்றால் என்ன என்று சென்னைக்காரர்களுக்குப் புரியாது, உனக்குப் புரியும்.

மக்ளே, நான் இதை எழுதும்போது உன் ஷ்யாமளாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த ஆபீசில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் இல்லையா, புதுத்தமிழ் பேசுகிறவர்கள் இல்லையா, அவர்களையெல்லாம் விட்டுவிட்டு உன் மேஜைக்கு வந்து மைக்கைப் பிடி என்று கேட்டாளே, அது என்ன? எனக்கு என்னவோ அது ஒரு கைக்குட்டை மாதிரித்தான் தெரிகிறது. எனக்குத் தப்பாகத் தெரியலாம், எனக்குத்தான் பூமர் கூடப் பட்டமாகத் தெரிந்தது.

இனி நான் முதலில் சொன்ன, ஒருத்தரும் நம்பாத பாகம் வருகிறது. நயினார் வீட்டிலிருந்து திரும்புகிறபோது குர்லாவில் வண்டி மாறி, ஒன்பது மணி ஸ்லோவில் ஏறினோம், சித்தி பெண்கள் பெட்டி, நான் பக்கத்துப் பெட்டி, நடுவில் கம்பித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரச் சீட்டில் ஒரு பெண், காலேஜோ ஆபீசோ, நம் ஆள் கிடையாது, தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத முகம், தோழியிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தது. நீ சயானில்தானே ஏறுவாய், குர்லாவில் எப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று தோழி கேட்டிருக்கிறாள். சயான் மே சீட் கஹாங் மில்தி ஹை யார், மைனே நயினார் மார் தியா என்றது அந்தப் பிள்ளை! சயானில் சீட்டு எங்கே கிடைக்கிறது, பின்பக்கம் குர்லா வரைக்கும் போய் அங்கிருந்து உட்கார்ந்து வருகிறேன், நயினார் அடித்துவிட்டேன் என்று அர்த்தம். நயினார்! என் வாயில் பிறந்து, நம் வீட்டில் தவழ்ந்து, பிரைட்டன் காலேஜுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து யார் யார் வாயில் ஏறி எந்தெந்த வண்டி மாறியதோ, இந்தி பேசிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருக்கிறது. உடனே பெட்டி முழுவதும் ஏழு மொழியில் நயினார் நயினார் என்று கோஷம் எழுந்தது, மோட்டார்மேன் ஹார்ன் அடித்து ஆமோதித்தார், சயானில் பேண்டு வாத்தியத்தோடு வரவேற்பு, ஒரு ரயில்வே அதிகாரி அடுத்த ஸ்டேஷனுக்கு அந்தப் பெயரை வைக்கலாமா என்று என்னிடம் கையெழுத்துக் கேட்டார், நான் நயினாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இதில் அதிசயம் எது தெரியுமா? நாங்கள் இருபத்தேழு வருஷமாக அந்த வார்த்தையை ஏமாளிக்குச் சொன்னோம். அந்தப் பிள்ளை அதைச் சாமர்த்தியசாலிக்குச் சொல்கிறது. தெரிந்தே தாண்டிப் போய், நல்லபடியாகத் திரும்பி வருவதற்குச் சொல்கிறது. நயினார் அன்றைக்கு என்ன நினைத்து அந்த வண்டியில் ஏறினாரோ அதே அர்த்தம். அவரும் சொல்லவில்லை, நாங்களும் திருத்தவில்லை, வார்த்தை தானாகவே ஊர் சுற்றிவிட்டுச் சரியான ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறது. நான் எழுதிய இருபத்தேழு வார்த்தைப் பட்டியல் என்ன ஆனது என்று கேட்பாய், இத்துடன் வருகிற டப்பாவில் அச்சு முறுக்கு உடையாமல் இருக்க அடியில் மடித்துப் போட்டிருக்கிறேன், எண்ணெய் ஊறிப்போயிருக்கும், படிக்க முடிந்தால் படி, முடியாவிட்டால் நஷ்டமில்லை, ஜனவரியில் எப்படியும் தீர்ந்துவிடும்.

ஆகவே மகளே, வெள்ளிக்கிழமை பெயரைக் கொடு. டக்கரை வேண்டுமானால் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போ, எனக்கு வருத்தமில்லை, வருத்தம் உண்டு, ஆனால் தாங்கிக்கொள்வேன். நயினாரை மட்டும் மேடையில் ஏற்று. பாதியில் நிறுத்திய கதையை மாலை, கம்பி, கையாட்டல் எல்லாம் வைத்து முழுசாகச் சொல்லு, மீன்கூடையையும் விடாதே. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீ சொல்லி அவர்கள் சிரிப்பது வேறு, அவர்கள் சிரித்து நீ நிறுத்துவது வேறு. அந்தக் கௌசிக் பயல் மறுபடியும் கறுப்பு வெள்ளை என்றால், கலர்ப் படத்துக்குப் பம்பாயில் தனி டிக்கெட் என்று சொல்லிவிடு. மத்தியானம் அந்தப் பயல்களோடு இருந்தே சாப்பிடு. தனியாகத் தின்கிற சோறு உடம்பில் ஒட்டாது என்று சித்தி சொல்லச் சொன்னாள்.

கார்த்திகை மழை சென்னையை விடாது, குடையை ஆபீசில் வைத்துவிட்டு வராதே. ஞாயிறு பூசையைத் தூக்கத்தில் காணாதே. டப்பாவை ஜீஷான் கையில் கொடுத்தனுப்புகிறேன், இன்டர்வியூவுக்கு வருகிறான், வியாழக்கிழமை உன்னிடம் சேர்ப்பான், அவனுக்கு ஒரு வேளை நல்ல சோறு வாங்கிக் கொடு, டப்பாவைக் கழுவி அவனிடமே திருப்பிக் கொடு, அது சித்தியின் எவர்சில்வர் டப்பா, அது வராவிட்டால் நான் வீட்டுக்குள் வர முடியாது. அந்தோணியார் உன் தொலைந்த தைரியத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கட்டும், தொலைந்த பொருளெல்லாம் அவர் இலாகாதான். மாதா உன் வாயையும் வயிற்றையும் காக்கட்டும். சித்தி, அம்மா, பிரைட்டன் எல்லோருடைய முத்தமும் என் ஆசீர்வாதமும் உன் உச்சந்தலையில்.

உன்மேல் உயிரையும் ஊர்மேல் ரீலையும் விடுகிற,
சித்தப்பா பூமர் மிக்கேல்ராஜ்

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன்னால் சித்தி கடிதத்தைப் பிடுங்கி, பென்சிலோடு உட்கார்ந்து, பொய்க்கெல்லாம் கீழே கோடு போட்டுவிட்டாள், நீயே பார்க்கலாம். நாற்பதாயிரம் ஜனத்துக்குக் கோடு, அங்கே இருந்தது மூன்று பையன்களும் ஒரு நாயும்தான். ஹெலிகாப்டருக்குக் கோடு. அன்பியக் கூட்டத்துக்கு இரண்டு கோடு, அன்றைக்கு நான் போகவே இல்லையாம். மீன்கூடைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, நயினாரும் என்னை மாதிரிப் புளுகன்தானே என்கிறாள், ஆனால் இதழ் கசங்காததற்குக் கோடு போடவில்லை. பேண்டு வாத்தியம், ரயில்வே அதிகாரி, தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது எல்லாவற்றுக்கும் கோடு விழுந்துவிட்டது, நான் அந்த வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்தேன், சித்திதான் சயானில் இறங்கி என்னை எழுப்பினாள். ஏறின கூட்டத்தில் சேலை கலைந்து நின்றவள், அதைச் சரிசெய்யக் கூட மறந்து, ஏங்க, உள்ள ஒரு பிள்ளை இந்தியில நயினார்னு சொல்லுச்சுங்க என்றாள். அந்த ஒரு வரிக்கு மட்டும் பென்சில் படவில்லை. கேட்டது நானாக இருந்தால் நீ நம்ப வேண்டாம். கேட்டது உன் சித்தி, அவள் இதுவரைக்கும் இட்லியின் எண்ணிக்கையில் கூடப் பொய் சொன்னது கிடையாது. அது மட்டும் நிஜம் மக்ளே.